ஆப்பிரிக்காவின் கட்டற்ற மென்பொருளும் டிஜிட்டல் பொதுவளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் பொதுவளம் என்று எதைச் சொல்கிறார்கள்?

2004 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் உள்ள வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடிய மாநாட்டுக்கு ‘இட்லேலோ’ என்று பெயர் வைத்தார்கள். ஷோசா மொழியில் அதற்குப் பொது மேய்ச்சல் நிலம் என்று பொருள். மேய்ச்சல் நிலத்தில் யாருடைய மாடும் மேயலாம். ஆனால் எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் ஓட்டக் கூடாது என்று முடிவெடுப்பதும், நிலம் கட்டாந்தரையாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அதைப் பயன்படுத்துகிறவர்களின் பொறுப்பு. டிஜிட்டல் பொதுவளம் என்பதும் ஏறத்தாழ இதுதான். மூலநிரல், வரைபடத் தரவு, கலைக்களஞ்சியக் கட்டுரை, பாடநூல், எழுத்துரு, குரல் பதிவுத் தொகுப்பு போன்றவற்றை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் உரிமத்துடன் வெளியிட்டு, அவற்றைப் பயன்படுத்துகிறவர்களே சேர்ந்து பேணுவது.

கட்டற்ற மென்பொருள் (மூலநிரல் திறந்திருப்பதால் திறமூல மென்பொருள் என்றும் சொல்வார்கள்) இந்த வளத்தில் ஒரு பகுதி. ஆப்பிரிக்காவைப் பொறுத்தவரை அதைத் தனியாகப் பிரித்துப் பேசுவது கடினம்; ஒரு மொழிக்கு விசைப்பலகையும் எழுத்துருவும் இல்லாத இடத்தில் மூலநிரல் திறந்திருக்கிறதா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. உரிமம் தருவது அனுமதியை மட்டுமே. பேணுவதற்கான ஆளையும் பணத்தையும் முடிவெடுக்கும் இடத்தையும் எந்த உரிமமும் தருவதில்லை. கீழே வரும் பெரும்பாலான பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்கே வரும்.

கண்டம் முழுவதற்கும் ஒரே அமைப்பு இருக்கிறதா?

ஒன்றை உருவாக்க முயன்றார்கள். 2002இல் அடிஸ் அபாபாவில் நடந்த ஒரு பயிலரங்கில் பேசப்பட்டு, 2003இல் ஃபாஸ்ஃபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆப்பிரிக்கக் கட்டற்ற, திறமூல மென்பொருள் அறக்கட்டளை உருவானது. இட்லேலோ மாநாடுகள் அதன் பெயரில்தான் கேப் டவுனுக்குப் பிறகு நைரோபி, டாக்கர், அக்ரா என்று நகர்ந்தன. அரசுகளோடு பேசுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்ட காலத்தில் அது பயன்பட்டது.

ஆனால் 54 நாடுகளும், ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசியம், அரபு என்ற நான்கு பெரும் நிர்வாக மொழிகளும் கொண்ட கண்டத்தை ஒரே குடையின் கீழ் வைத்திருப்பது நடைமுறையில் கைகூடவில்லை. இன்று காணப்படுவது பல சிறு வலைப்பின்னல்கள். நைஜீரியாவில் 2018இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் கம்யூனிட்டி ஆப்பிரிக்கா, பைத்தான் நிரல்மொழியைப் பயன்படுத்துவோர் 2019இல் அக்ராவில் முதன்முறை கூடிய பைகான் ஆப்பிரிக்கா, விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களுக்காக 2014இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொடங்கிய விக்கி இண்டாபா ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆட்களாலும் தனித்தனி நிதியாலும் நடப்பவை. ஒரே இயக்கம் இல்லை என்பது குறையாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் அமைப்பின் நிதி வற்றினால் எல்லாம் நின்றுபோகும் நிலை இப்போது இல்லை.

தொடக்க காலத்தில் இணைய வசதி இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்?

கையில் எடுத்துச் சென்றார்கள். 2000களின் முதல் பாதியில் தென்னாப்பிரிக்காவில் இணைய இணைப்பு மெதுவானது, விலையும் அதிகம். லினக்ஸ் என்ற கட்டற்ற இயக்கு தளத்தின் ஒரு வழங்கலை, அதாவது நிறுவத் தயாரான தொகுப்பை, தரவிறக்க இரவு பகலாகக் கணினியை ஓட விட்டாலும் பாதியில் அறுந்துபோகும். இதற்கு விடையாக ஷட்டில்வொர்த் அறக்கட்டளையின் ஆதரவில் ‘ஃப்ரீடம் டோஸ்டர்’ என்ற பெட்டிகள் வைக்கப்பட்டன. ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு தொடுதிரை, கீழே குறுந்தட்டு செருகும் வாய். வெற்றுக் குறுந்தட்டைக் கொண்டு வருகிறவர் திரையில் தனக்கு வேண்டிய மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, தட்டைச் செருகிவிட்டுக் காத்திருந்தால் பதிவு முடிந்து வெளியே வரும். காசு எதுவும் வாங்காத விற்பனை இயந்திரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அண்டை நாடான நமீபியாவில் ஸ்கூல்நெட் நமீபியா என்ற அமைப்பு பழைய கணினிகளைச் சீராக்கி லினக்ஸ் நிறுவிப் பள்ளிகளுக்குக் கொடுத்துவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகச் செயலிகளை இலவசமாகத் தர முன்வந்தபோது அந்த அமைப்பு கணக்குப் போட்டுப் பார்த்தது. செயலி இலவசம், ஆனால் அது ஓடுவதற்கான இயக்கு தளத்துக்குப் பணம் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இலவசம் என்பதற்கும் கட்டற்றது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

உபுண்டு ஆப்பிரிக்க மென்பொருள்தானே?

உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் பெயரும் நிறுவனரும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ‘உபுண்டு’ என்பது தென் பகுதியின் ங்குனி மொழிகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் சார்ந்து மனிதர்களாவதைச் சொல்லும் சொல். மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். தான் தொடங்கிய தாட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தை 1999இல் அமெரிக்காவின் வெரிசைனுக்கு விற்றுக் கிடைத்த பணத்தில் 2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பை வெளியிட்டார். கேட்கிறவருக்கெல்லாம் அஞ்சலில் இலவசக் குறுந்தட்டு அனுப்பும் திட்டத்தை 2011 வரை நடத்தினார்கள். இணையம் எட்டாத ஊர்களில் அந்தத் தட்டுகளுக்கு இருந்த மதிப்பு தனி.

ஆனால் அதை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனம் பிரிட்டனில் இருக்கிறது. டெபியன் என்ற பன்னாட்டுத் தன்னார்வலர் திட்டத்தின் மேல் கட்டப்பட்ட தளம் அது. ஆகவே ஆப்பிரிக்காவில் வேர் உள்ள உலக மென்பொருள் என்பதுதான் பொருத்தமான விவரிப்பு.

உஷாஹிதி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலின் முடிவு அறிவிக்கப்பட்டதும் வன்முறை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நேரடி ஒளிபரப்புக்கு அரசு தடை விதித்தது. வழக்கறிஞரும் வலைப்பதிவருமான ஓரி ஒகோல்லோ, எங்கே என்ன நடக்கிறது என்பதை வரைபடத்தில் பதிய ஒரு கருவியை யாராவது செய்துதர முடியுமா என்று 2008 ஜனவரித் தொடக்கத்தில் தன் பதிவில் கேட்டார். எரிக் ஹெர்ஸ்மன், ஜூலியானா ரோட்டிச், அமெரிக்காவில் வசித்த கென்யரான டேவிட் கோபியா ஆகியோர் கைகோத்தார்கள். சில நாட்களில் தளம் எழுந்து நின்றது. குறுஞ்செய்தியிலோ இணையத்திலோ வரும் தகவல் சரிபார்க்கப்பட்டு வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறும். சுவாஹிலியில் ‘உஷாஹிதி’ என்றால் சாட்சியம்.

பேசப்படுவதற்குக் காரணம் அடுத்து நடந்ததுதான். நிரலைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டார்கள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வந்த கிரியோல் மொழிக் குறுஞ்செய்திகளை உலகின் பல மூலைகளில் இருந்த ஹைட்டியர்கள் மொழிபெயர்க்க, அவை உஷாஹிதி வரைபடத்தில் ஏறின. தொழில்நுட்பம் வடக்கிலிருந்து தெற்கே வரும் என்ற வழக்கமான திசை அன்று மாறியது. நைரோபியில் பிறந்த கருவியை அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் கற்றுக்கொண்டு இயக்கினார்கள்.

வரைபடத் துறையில் வேறு என்ன நடந்திருக்கிறது?

நைரோபியின் கிபேரா பல லட்சம் பேர் வசித்ததாகப் பேசப்பட்ட குடியிருப்பு. 2009 வரை இணைய வரைபடங்களில் அது வெறும் வெற்றிடமாக இருந்தது. அந்த ஆண்டு மேப் கிபேரா திட்டத்தில் அங்கேயே வசிக்கும் 13 இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவிகளோடு சந்து சந்தாக நடந்து, யாரும் திருத்தக்கூடிய திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிந்தார்கள். குடிநீர்க் குழாய், கட்டணக் கழிப்பறை, மருந்தகம், தேவாலயம், முறைசாராப் பள்ளி என்று வெளியாள் கண்ணுக்கு எளிதில் படாதவை எல்லாம் இடம்பெற்றன.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 2015இல் தொடங்கிய ‘ரமானி ஹூரியா’, அதாவது திறந்த வரைபடம், இதைவிடப் பெரியது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கும் வார்டுகளைப் பல்கலைக்கழக மாணவர்களும் அந்தந்த வட்டார மக்களும் சேர்ந்து வரைந்தார்கள். வடிகால் எங்கே இருக்கிறது, அது திறந்ததா மூடியதா, குப்பையால் அடைபட்டிருக்கிறதா என்பது வரை குறித்துக்கொண்டார்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுக்காரரைக் கேட்டால், சுவரில் ஒரு உயரத்தில் கையை வைத்துக் காட்டுவார். அந்தக் கை உயரம் எந்தச் செயற்கைக்கோள் படத்திலும் கிடையாது.

மருத்துவமனைகளில் திறமூல மென்பொருள் எந்த அளவுக்குப் பயன்படுகிறது?

கண்டத்தின் திறமூல வரலாற்றில் மிக ஆழமாக வேரூன்றிய துறை இதுதான் என்பது என் கணிப்பு. அதிகம் பேசப்படாததும் இதுதான்.

இனஒதுக்கல் ஆட்சி முடிந்தபோது தென்னாப்பிரிக்காவில் 14 தனித்தனி சுகாதாரத் துறைகள் இருந்தன. இன அடிப்படையிலும் ‘தாயகங்கள்’ என்று பிரிக்கப்பட்ட பகுதிகளின் அடிப்படையிலும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு படிவம் வைத்திருந்தது. 1990களின் நடுவில் கேப் டவுனிலும் ஆஸ்லோவிலும் இருந்த ஆய்வாளர்களும் சுகாதார ஊழியர்களும் சேர்ந்து சில மாவட்டங்களில் ஒரு சோதனை தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கான கட்டங்கள் கொண்ட படிவங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு மருத்துவ நிலையத்துக்கு உண்மையில் தேவைப்படும் குறைந்தபட்சத் தரவு எது என்று செவிலியர்களிடமே கேட்டார்கள். தலைநகருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடும் எண்களாக அவை இருக்கக் கூடாது. இந்த மாதம் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி விடுபட்டது என்பதை எண்களைச் சேகரித்த இடத்திலேயே பார்க்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். அப்படி உருவான டிஎச்ஐஎஸ் என்ற மாவட்டச் சுகாதாரத் தகவல் மென்பொருள், வேடிக்கை என்னவென்றால், முதலில் மைக்ரோசாஃப்டின் ஆக்சஸ் என்ற தரவுத்தளச் செயலியில்தான் எழுதப்பட்டது. நிரல் திறந்தது, அது ஓடும் தளம் மூடியது. பிறகு ஜாவா நிரல்மொழியில் இணையவழி இயங்குவதாக டிஎச்ஐஎஸ்2 எழுதப்பட்டது. 2011இல் கென்யா நாடு முழுவதையும் இணையவழியாக அதில் இணைத்தது. இன்று 70க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படுகிறது.

ஓப்பன்எம்ஆர்எஸ் தனி நோயாளியின் பதிவுகளுக்கானது. கென்யாவின் எல்டோரெட் நகரில் எச்.ஐ.வி. சிகிச்சை பெறுவோர் எண்ணிக்கை வேகமாகக் கூடி, இருந்த சிறு தரவுத்தளம் தாங்காமல் போன நிலையில், 2004இல் அதன் கரு உருவானது. 2006 பிப்ரவரியில் எல்டோரெட்டிலும், அதே ஆண்டு ருவாண்டாவின் ரிவின்க்வாவுவிலும், தென்னாப்பிரிக்காவிலும் பயன்பாட்டுக்கு வந்தது. கென்யாவும் உகாண்டாவும் பின்னர் அதன்மேல் தங்களுக்கெனத் தனிப் பதிப்புகளைக் கட்டிக்கொண்டன.

இப்போது மேய்ச்சல் நிலத்துக்குத் திரும்புவோம். டிஎச்ஐஎஸ்2இன் மைய நிரலை ஆஸ்லோ பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கிறது. ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனங்களின் பங்கு பெரியது. இரண்டிலும் ஆப்பிரிக்க நிரலாளர்கள் திறமையாகப் பங்களிக்கிறார்கள் என்றாலும், அவர்களில் பலருடைய சம்பளம் வெளிநாட்டு உதவித் திட்டங்களிலிருந்து வந்தது. 2025இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகமையை மூடியபோது நிரல் எங்கும் போய்விடவில்லை. அதைச் சேவையகத்தில் புதுப்பித்து, வழு கண்டு, செவிலியருக்குப் பயிற்சி தருபவரின் வேலைதான் கேள்விக்குறியானது.

அரசுகள் ஏதேனும் கொள்கை வகுத்திருக்கின்றனவா?

தென்னாப்பிரிக்க அமைச்சரவை 2007இல் ஒரு கொள்கையை ஏற்றது. தனியுரிம மென்பொருள் தெளிவாக மேலானது என்று நிறுவப்பட்டாலொழிய அரசுத் துறைகள் திறமூலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தாளில் அது அழகாக இருந்தது. 2021 தொடக்கத்தில் ஃபிளாஷ் தொழில்நுட்பம் உலகெங்கும் நிறுத்தப்பட்டபோது, அந்நாட்டு வரித்துறையின் இணையப் படிவங்களில் சில இன்னும் அதையே நம்பியிருந்தன. திறந்த தரநிலைக்கு மாற்றும் வேலை முடியாததால், ஃபிளாஷ் ஓடுவதற்கென்றே ஒரு தனி உலாவியை வரித்துறை வெளியிட்டது. கொள்முதல் அதிகாரியின் மேசை வரை வராத கொள்கைக்கு நேர்ந்த கதி அது.

பேசப்படும் மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, கணினியில் ஏன் சிலவே காணப்படுகின்றன?

ஆப்பிரிக்காவில் சுமார் 2000 மொழிகள் பேசப்படுகின்றன. எழுத்துரு, விசைப்பலகை, சொல்திருத்தி, இடைமுக மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒரு மொழி கணினியில் வாழ முடியும். வணிக நிறுவனம் சந்தையைப் பார்த்து இறங்கும். சந்தை இல்லாத மொழிக்கு யாராவது தாமாகச் செய்ய வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2001இல் டுவேன் பெய்லி தொடங்கிய டிரான்ஸ்லேட் அமைப்பு, ஓப்பன் ஆஃபீஸ் என்ற கட்டற்ற அலுவலகச் செயலியை அந்நாட்டின் அன்றைய 11 ஆட்சி மொழிகளிலும் கொண்டுவந்தது. அந்த வேலைக்காக அவர்கள் செய்த பூட்டில் என்ற இணையவழி மொழிபெயர்ப்புக் கருவியை, அவர்களைக் கேள்விப்படாத பல நாட்டுத் தன்னார்வலர்களும் பின்னர் பயன்படுத்தினார்கள்.

எழுத்து விஷயத்தில் கினியின் கதை தனியானது. 1989இல் இப்ராஹிமா பாரி, அப்துலாயே பாரி என்ற சகோதரர்கள், இன்னும் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தபோதே, தங்கள் தாய்மொழியான ஃபுலானிக்குப் புதிய வரிவடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். அரபு எழுத்தும் லத்தீன் எழுத்தும் அந்த மொழியின் சில ஒலிகளுக்குப் பொருந்தவில்லை என்பதுதான் காரணம். அட்லம் என்று அழைக்கப்படும் அந்த எழுத்து கையால் படியெடுத்த ஏடுகள் வழியாகச் சந்தைகளிலும் வகுப்புகளிலும் பரவி, உலகின் எழுத்துகளுக்குக் கணினிக் குறியெண் தரும் யூனிகோடின் 9.0 பதிப்பில் 2016இல் இடம்பெற்றது. அதன் பிறகுதான் கைபேசியில் அந்த எழுத்தில் செய்தி அனுப்புவது சாத்தியமானது. யூனிகோடு ஒரு மென்பொருள் அல்ல, தரநிலை. ஆனால் இந்தக் கண்டத்தில் பொதுவளம் என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று குறைவு.

சிறிய விஷயமாகத் தெரியும் ஒன்று எவ்வளவு பெரியது என்பதற்கு யோருபா நல்ல சான்று. அம்மொழியில் பணம், கை, மரியாதை, துடைப்பம் ஆகிய நான்கையும் குறிக்கும் சொற்களிலிருந்து தொனிக்குறிகளையும் உயிரெழுத்தின் கீழ்ப் புள்ளிகளையும் எடுத்துவிட்டால், எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிடும். சாதாரண விசைப்பலகையில் அந்தக் குறிகள் இல்லாததால் மக்கள் அவற்றை விட்டுவிட்டு எழுதுகிறார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கணினிக்கு அந்த வசதி இல்லை.

மசாகானே என்பது என்ன?

ஆப்பிரிக்க மொழிகளுக்கான மொழித் தொழில்நுட்பத்தை ஆப்பிரிக்கர்களே உருவாக்க வேண்டும் என்று 2019 வாக்கில் திரண்ட ஆய்வாளர் கூட்டமைப்பு. ஜூலு மொழியில் ‘சேர்ந்து கட்டுவோம்’ என்று பொருள்படும் பெயர். மொழியியலாளர், மாணவர், மென்பொருளாளர், மொழியை நன்கறிந்த சாதாரண ஆர்வலர் என்று யாரும் சேரலாம். இயந்திர மொழிபெயர்ப்பு பற்றி 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ஆசிரியர்கள் நாற்பது பேருக்கும் மேல். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வு விருது 2021இல் அதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு அம்ஹாரிக், ஹௌசா, இக்போ, லுகாண்டா, லுவோ, வோலோஃப் உள்ளிட்ட 10 மொழிகளில் ஆள், இடம், அமைப்பு போன்றவற்றின் பெயர்களை அடையாளம் காண உதவும் தரவுத்தொகுப்பைப் பொதுவில் வெளியிட்டார்கள்.

இந்தப் பாதையில் அவர்கள் இடறிய ஒரு கல்லைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்கு ஒரே உரை இரண்டு மொழிகளில் இணையாக வேண்டும். பல ஆப்பிரிக்க மொழிகளில் அப்படிப் பெருமளவில் கிடைத்தது யெகோவாவின் சாட்சிகள் என்ற சமயக் குழுவின் வெளியீடுகள்தான். அவற்றைத் திரட்டி உருவான ஜேடபிள்யூ300 என்ற தொகுப்பில் 300க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. மசாகானேயின் தொடக்க மாதிரிகள் பலவும் அதில்தான் பயின்றன. பின்னர் உரிமத்தைக் கவனமாகப் பார்த்தபோது, அந்தத் தளத்தின் விதிகள் இப்படி உரை திரட்டுவதை அனுமதிக்கவில்லை என்று தெரிந்தது. முறைப்படி அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. தொகுப்பு பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. தன் தாய்மொழியில் எழுதப்பட்ட வாக்கியங்களைத் தானே பயன்படுத்த முடியாத நிலைக்கு ஒருவர் வந்து சேர்ந்ததன் கசப்பு, ‘கிடைக்கிறது’ என்பது ‘திறந்திருக்கிறது’ ஆகாது என்பதைப் பலருக்கு உறைக்கச் செய்தது.

திறந்து வைத்தால் பெருநிறுவனங்கள் அள்ளிக்கொண்டு போகாதா?

போகும். இந்தக் கேள்வி இன்று ஆப்பிரிக்கத் திறந்த தரவு வட்டாரங்களில் மிகவும் சூடானது.

ருவாண்டாவில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஊர் கூடிச் சாலை சீரமைப்பது, மரம் நடுவது போன்ற பொது வேலை செய்யும் வழக்கத்துக்கு ‘உமுகாண்டா’ என்று பெயர். அந்தப் பெயரையே எடுத்துக்கொண்ட டிஜிட்டல் உமுகாண்டா என்ற அமைப்பு, மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் மக்களைக் கிண்யருவாண்டா வாக்கியங்களை வாசிக்க வைத்து 2000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட குரல் பதிவைச் சேர்த்தது. எந்த நிபந்தனையும் இல்லாமல் பொதுவுரிமையில் விடப்பட்ட தரவு அது. கிகாலியின் மாணவரும் எடுக்கலாம், கலிஃபோர்னியாவின் நிறுவனமும் எடுக்கலாம். நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கான கணிப்பொறிச் சில்லுகள் இருக்கின்றன. மாணவரிடம் ஒரு மடிக்கணினி. வாசல் எல்லோருக்கும் ஒரே அகலம்தான், வருகிறவர்களின் வண்டிகள் ஒரே அளவு அல்ல.

இதற்கு விடை தேடியவர்கள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் தரவு அறிவியல் சட்ட ஆய்வுக்கூடத்தினர். அவர்கள் எழுதிய ‘ந்வுலிட்டே ஒபோடோ’ என்ற உரிமத்தின் பெயர், சமூகத்தை உயர்த்துதல் என்று இக்போ மொழியில் பொருள்படும். ஆப்பிரிக்காவிலும் பிற வளரும் நாடுகளிலும் உள்ளவர்களுக்குத் தாராளமான நிபந்தனைகளும், மற்றவர்களுக்குப் பயனில் ஒரு பங்கைச் சமூகத்துக்குத் திருப்பித் தரும் கடமையும் என இரண்டு அடுக்குகள் அதில் உண்டு. இதைத் திறந்த உரிமம் என்றே சொல்லக் கூடாது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எவருக்கும் எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது திறமூல வரையறையின் அடிப்படை விதிகளில் ஒன்று என்பதால் அவர்கள் சொல்வதில் சட்ட நியாயம் இருக்கிறது. ஆனால் மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடுவதே தவறு என்று சொல்கிறவர், பெரும்பாலும், அந்த நிலத்தில் மாடு வைத்திருக்காதவராக இருப்பதைக் கவனித்திருக்கிறேன். எது சரி என்பது இன்னும் தீரவில்லை. குறைந்தபட்சம், கேள்வியைக் கேட்டவர்கள் தரவைத் தந்தவர்களின் தரப்பில் இருப்பது நல்ல மாற்றம்.

விக்கிப்பீடியாவில் ஆப்பிரிக்காவின் இடம் என்ன?

விக்கிப்பீடியா பங்களிப்பாளர்கள் உலகெங்கிலுமிருந்து கூடும் விக்கிமேனியா மாநாடு 2008இல் அலெக்சாண்ட்ரியாவிலும், 2018இல் கேப் டவுனிலும், 2025இல் நைரோபியிலும் நடந்தது. ஆண்டுதோறும் நடக்கும் விக்கி லவ்ஸ் ஆப்பிரிக்கா புகைப்படப் போட்டி ஏராளமான படங்களைச் சேர்த்திருக்கிறது. சிக்கல் மேற்கோளில் இருக்கிறது. வெளியிடப்பட்டதை மட்டுமே சான்றாக ஏற்கும் விதி, வாய்மொழியாக அறிவைக் கடத்தும் சமூகத்தை வெளியே நிறுத்துகிறது. 2011இல் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் செப்பெடி பேசும் மூத்தவர்களின் நேர்காணல்களைச் சான்றாகப் பயன்படுத்திப் பார்க்கும் சோதனை நடந்தது. எதிர்ப்பு எழுந்தது, விதி மாறவில்லை.

2012 முதல் 2018 வரை நடந்த விக்கிப்பீடியா ஜீரோ திட்டத்தில் சில நாடுகளில் கைபேசி வழியாக விக்கிப்பீடியாவைத் தரவுக் கட்டணமின்றிப் படிக்க முடிந்தது. அங்கோலாவில் சிலர் இதில் ஒரு சந்து கண்டார்கள். விக்கிப்பீடியாவுக்கான படங்களும் பிற ஊடகக் கோப்புகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா காமன்ஸில் கோப்புகளுக்குள் திரைப்படங்களை ஒளித்து ஏற்றி, காசில்லாமல் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டார்கள். தொலைவில் இருந்த தன்னார்வலர்கள் கோபப்பட்டார்கள். அங்கோலாவிலிருந்து வரும் புதியவர்கள் கோப்பேற்றுவதையே தடுக்க வேண்டும் என்றார்கள் சிலர். ஒரே ஒரு தளத்தை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டு, அதற்குள் வருகிறவர்கள் கலைக்களஞ்சியம் மட்டுமே படிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது யாருடைய பிழை என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நான் அவர்கள் பக்கம்.

பள்ளிப் பாடநூல்களில் இது எட்டியிருக்கிறதா?

தென்னாப்பிரிக்காவில் 2002இல் சில ஆய்வு மாணவர்கள் உயர்நிலைப் பள்ளி அறிவியலுக்குக் கட்டற்ற பாடநூல் எழுதத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த சியாவுலா என்ற திட்டம் (பெயருக்குத் ‘திறக்கிறோம்’ என்று பொருள்) உருவாக்கிய கணித, அறிவியல் நூல்களை 2012இல் அரசே அச்சிட்டு அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியது. பதிப்பாளருக்கு உரிமைத்தொகை தர வேண்டியதில்லை. அச்சுச் செலவும் விநியோகச் செலவும் மட்டும்.

பார்வையற்றோருக்கான நூல்கள் தனிக் கதை. வெளியான நூலை அவர்கள் படிக்கும் வடிவில் மாற்ற அனுமதிக்கும் உலக ஒப்பந்தம் 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில்தான் ஏற்கப்பட்டது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் ஆண்டுக்கணக்கில் இழுபட, பார்வையற்றோர் அமைப்பு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் 2022 செப்டம்பரில் தீர்ப்புப் பெற வேண்டியிருந்தது.

திறமையாளர்கள் இவ்வளவு பேர் இருந்தும் பெருந்திட்டங்களின் தலைமையில் ஆப்பிரிக்கர்கள் ஏன் குறைவு?

மாலை நேரத்தில் ஊதியமின்றி நிரல் எழுத, பகலில் நிலையான சம்பளம் வேண்டும். மின்சாரம் நிற்காமல் இருக்க வேண்டும். தரவுக் கட்டணத்தைத் திட்டமோ நிறுவனமோ ஏற்க வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் விசா ஒன்று இருக்கிறது. ஒரு திட்டத்தில் முக்கிய முடிவுகளும் நட்பும் நம்பிக்கையும் பெரும்பாலும் மாநாட்டு நடைபாதைகளில் உருவாகின்றன. 2018இல் மாண்ட்ரியலில் நடந்த பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டுக்கு வரவிருந்த ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் பலருக்குக் கனடா விசா மறுத்தது. அந்தக் கசப்புக்குப் பின் ஐசிஎல்ஆர் என்ற இன்னொரு பெரிய செயற்கை நுண்ணறிவு மாநாட்டின் 2020ஆம் ஆண்டுக் கூட்டத்தை அடிஸ் அபாபாவில் நடத்தத் திட்டமிட்டார்கள். பெருந்தொற்று வந்து அது திரைக்குள் போனது. 2023இல் கிகாலியில் கூடினார்கள். பயணம் எதிர்த்திசையில் நடந்தபோது, இதுவரை மின்னஞ்சல் முகவரிகளாக மட்டுமே இருந்தவர்கள் எதிரே நின்று பேசினார்கள்.

வெளியிலிருந்து ஒருவர் எப்படி உதவலாம்?

ஏற்கெனவே நடக்கும் திட்டத்தில் சேருவதே நல்லது. புதிதாக ஒன்றைத் தொடங்கி இரண்டு ஆண்டில் கைவிடுவது அங்கிருப்பவர்கள் பலமுறை பார்த்த காட்சி. டிஎச்ஐஎஸ்2, ஓப்பன்எம்ஆர்எஸ், உஷாஹிதி மூன்றும் வழு அறிக்கையையும் ஆவணத் திருத்தத்தையும் வரவேற்கின்றன. நிரல் தெரியாதவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கூரைகளையும் சாலைகளையும் வரையலாம். பேரிடர்க் காலத்தில் இதற்கு மிகுந்த தேவை இருக்கிறது.

வரையும்போது ஒரு கட்டுப்பாட்டைக் கைக்கொள்ள வேண்டும். மேலிருந்து பார்க்கும் படத்தில் கூரையின் ஓரம் தெரியும். அந்தக் கூரையின் கீழே இருப்பது மருந்தகமா, பள்ளியா, மாவு மில்லா என்பது தெரியாது. அந்தச் சந்தை எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது என்பதும் தெரியாது. ஊகித்து எழுதாமல் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அந்தத் தெருவில் நடந்துபோகிற ஒருவர் தன் கைபேசியிலிருந்து அதை நிரப்பிக்கொள்வார்.